நிமோனியா ஊசி ரிவ்யூ: 13, 15, 20, 21, 23... டப்பா மேல உள்ள நம்பர மட்டும் பாத்து வாங்காதீங்க

முதல்லயே சொல்லிடுறேன், நான் டாக்டர் இல்ல. மைக்ரோபயாலஜி லேப்ல வேலை, கிருமி வளர்க்குற பிளேட்ட வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாக்குறது தான் பொழப்பு. இந்த ரிவ்யூ எழுத காரணம், அம்மாக்கு நிமோனியா ஊசி போட ஒரு கிளினிக்குக்கு கூட்டிட்டு போனேன், அங்க கவுன்ட்டர்ல இருந்தவங்க ரெண்டு டப்பாவ எடுத்து வச்சாங்க, ஒண்ணுல 20னு போட்டிருந்துச்சு இன்னொண்ணுல 23. "23ல மூணு கூட இருக்கும்மா, அதுவே போட்டுக்கோங்க"ன்னாங்க. அம்மாவும் உடனே சரின்னு தலையாட்டிட்டாங்க. மூணு கூடன்னா யாருக்குத்தான் கசக்கும்.

நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்காம "அந்த மூணு எதுங்க"ன்னு கேட்டேன். அவங்களுக்கு தெரியல, அத ஒரு குத்தமா சொல்ல மாட்டேன், ஏன்னா டப்பா மேல பெருசா கண்ணுல படுறது நம்பர் மட்டும் தான், எந்தெந்த கிருமி வகைக்கு எதிரான ஊசிங்கிறது உள்ள எட்டா மடிச்சு வச்சிருக்க பேப்பர்ல எறும்பு ஊர்ற மாதிரி பொடி எழுத்துல இருக்கும், அத யாரு பிரிச்சு படிக்கிறா. ஆனா கணக்கே வேற. 23ல உள்ள 2, 9என், 17எஃப், 20ங்கிற நாலு வகை 20 வகை ஊசில கிடையாது, 20 வகை ஊசில உள்ள 6ஏ இந்த 23ல கிடையாது. நாலு போய் ஒண்ணு வந்தா மூணு வித்தியாசம், அவ்வளவு தான் விஷயம். இதுல கூத்து என்னன்னா 20 ஊசிக்குள்ள 20ஆம் வகை இல்ல, 23 ஊசிக்குள்ள தான் அது இருக்கு. இப்படி பேர் வச்சா மனுஷனுக்கு எப்படிப் புரியும் சொல்லுங்க.

சரி இந்த வகைன்னா என்னன்னு தெரியாம ஊசிய ரிவ்யூ பண்ண முடியாது, கொஞ்சம் பொறுமையா கேளுங்க. இந்த ஊசிங்க எல்லாம் தடுக்கப் பாக்குற நிமோகாக்கஸ்ங்கிறது ஒரே கிருமி தான், 1881ல பாஸ்டர் ஒரு பக்கம், அமெரிக்க ராணுவ டாக்டர் ஸ்டெர்ன்பர்க் இன்னொரு பக்கம்னு தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. மைக்ரோஸ்கோப்ல ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிட்டு நிக்கும். அது ஒவ்வொண்ணும் மேல ஒரு சர்க்கரைச் சட்டை போட்டிருக்கும், லேப்ல கேப்ஸ்யூல்னு சொல்லுவோம். அந்தச் சட்டையோட துணி எந்தச் சர்க்கரைல நெய்ததுங்கிறத வச்சுத்தான் 1, 3, 19எஃப்னு நம்பர் குடுக்குறாங்க, இப்ப 100க்கு மேல போயிடுச்சு. 1902ல நாய்ஃபெல்ட்ங்கிறவரு சரியான சீரத்த, அதாவது அந்த வகைக்குன்னு ஆன்டிபாடி உள்ள ரத்த நீர, ஊத்துனா அந்தச் சட்டை உப்பின மாதிரி தெரியும்னு கண்டுபிடிச்சாரு, இன்னைக்கும் வகை பிரிக்கிறதுக்கு அந்த முறை புழக்கத்துல இருக்கு, அதுக்கான சீரம் டென்மார்க்ல தயாராகுது.

சட்டைக்கு எதுக்கு இவ்வளவு மரியாதைன்னா, நம்ம வெள்ளை அணு இந்தக் கிருமிய புடிச்சு முழுங்கணும், சட்டை தடிமனா இருந்தா புடி கிடைக்காது, எண்ணெய் தடவுன ஆளப் புடிக்கிற மாதிரி வழுக்கிட்டுப் போகும். 1928ல கிரிஃபித் எலிய வச்சு பண்ணுன சோதனை ஸ்கூல் புக்லயே வரும், சட்டை இல்லாத உயிருள்ள 2ஆம் வகைய மட்டும் போட்டா எலி பொழச்சுக்கும், சூடு பண்ணி செத்துப்போன 3ஆம் வகைய மட்டும் போட்டாலும் பொழச்சுக்கும், ரெண்டையும் சேத்து போட்டா எலி செத்துப்போச்சு, ரத்தத்துல பாத்தா 3ஆம் வகைச் சட்டை போட்ட கிருமி உயிரோட இருக்கு. செத்தவன் சட்டைய இருக்கிறவன் மாட்டிக்கிட்டான். அந்தச் சட்டை தைக்கிற குறிப்பு டிஎன்ஏல இருக்குன்னு 1944ல ஏவரி குழு சொன்னதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. எனக்கு அதுல முக்கியம், கொலைக்கும் சட்டைக்கும் உள்ள சம்பந்தம் அப்பவே கண்ணுக்கு முன்னாடி இருந்துச்சுங்கிறது தான்.

இப்ப மெயின் மேட்டருக்கு வர்றேன். எல்லா வகையும் ஒரே மாதிரி ஆளக் கொல்றதில்ல. டென்மார்க்ல 1977லேர்ந்து 2007 வரைக்கும் ரத்தத்துலயோ மூளை தண்டுவட நீர்லயோ நிமோகாக்கஸ் ஏறின 18,858 பேர எடுத்து வகைவாரியா பாத்தாங்க. 30 நாளுக்குள்ள இறந்தது 5 வயசுக்கு மேல உள்ளவங்கள்ல 18 சதவீதம், 5 வயசுக்குக் கீழ 3 சதவீதம். பெரியவங்கள்ல 1ஆம் வகைய அளவுகோலா வச்சு பாத்தப்ப 31, 11ஏ, 35எஃப், 17எஃப், 3, 16எஃப், 19எஃப், 15பி, 10ஏ இந்த ஒம்போதுக்கும் இறக்குற வாய்ப்பு மூணு மடங்கு, அதுக்கும் மேலன்னு நின்னுச்சு. வயசு, ஏற்கனவே உள்ள நோய், குடி, மூளைக்காய்ச்சலா இல்லையா இதெல்லாம் கழிச்சுட்டுப் பாத்த பிறகும் அப்படி. சின்னக் குழந்தைங்கள்ல இறப்பே கம்மிங்கிறதால அங்க வகைக்கு வகை ஒப்பிடுறது கஷ்டம், அதனால இந்த ரிவ்யூ பெரியவங்க ஊசிக்கு மட்டும்னு வச்சுக்கோங்க. அப்புறம் 2010ல பல ஊரு ஆய்வுகள ஒண்ணா சேத்து கணக்குப் போட்டாங்க, இதுல 14ஆம் வகை தான் அளவுகோல், நிமோனியா வந்தவங்கள்ல 3, 6ஏ, 6பி, 9என், 19எஃப் இதெல்லாம் அதிகம் கொல்லுது, 1, 7எஃப், 8 கம்மியா கொல்லுதுன்னு வந்துச்சு. ரெண்டு லிஸ்ட்லயும் பொதுவா நிக்கிறது 3உம் 19எஃப்உம். இத மனசுல வச்சுக்கோங்க, கீழ மார்க் போடுறப்ப வேணும்.

இதுல ஒரு விசித்திரம் இருக்கு, நான் முதல் தடவ படிச்சப்ப தலைகீழா அச்சடிச்சுட்டாங்களோன்னு நெனச்சேன். 1, 7எஃப் மாதிரி வகைங்க மூக்குத் தொண்டைல சும்மா தங்குறதே அபூர்வம், வந்தா நேரா ரத்தத்துக்குள்ள பாஞ்சுடும், நல்லா ஆரோக்கியமா இருக்க வயசுப் பசங்களையே சாய்ச்சுடும். ஆனா அவங்கள்ல பெரும்பாலானவங்க எழுந்து வீட்டுக்குப் போயிடுறாங்க. 3, 19எஃப் மாதிரி வகைங்க அதுக்கு நேர் எதிரு, பல பேரு தொண்டைல வாடகை இல்லாம குடியிருக்கும், ரத்தத்துக்குள்ள போறது அபூர்வம், ஆனா போயிடுச்சுன்னா ஆள எடுத்துடும். சத்தம் போடுற ரவுடிய விட மூலைல பேசாம உக்காந்திருக்கவன் தான் ஆபத்துங்கிற மாதிரி.

காரணம் ரெண்டா சொல்றாங்க, ரெண்டும் உண்மைன்னு தான் எனக்குத் தோணுது. ஒண்ணு, பாஞ்சு வரத் தெரியாத வகை யார்கிட்ட ஜெயிக்கும்? ஏற்கனவே ஒடஞ்சு போன உடம்புகிட்ட. நுரையீரல் கெட்டவங்க, கல்லீரல் கெட்டவங்க, மண்ணீரல் எடுத்தவங்க, ரொம்ப வயசானவங்க. அவங்க இறக்குறது கிருமியோட திறமையா, உடம்போட பலவீனமான்னு பிரிக்கிறது கஷ்டம், கணக்குல வயசையும் நோயையும் கழிச்சாலும் முழுசா கழியாது. ரெண்டாவது, தொண்டைல நிலைச்சு நிக்கிற வகைங்க சட்டைய செலவு கம்மியா தைக்குதுங்க, அதாவது சர்க்கரைச் சங்கிலில ஒரு கண்ணிக்கு ஆகுற கார்பனும் சக்தியும் குறைவு, அதனால அதே செலவுல தடிமனா தைக்க முடியுது. தடிமன்னா வெள்ளை அணுக்கு வழுக்கும், ரத்தத்துலயும் தாக்குப் பிடிக்கும்.

3ஆம் வகையப் பத்தி தனியா சொல்லியே ஆகணும். பிளேட்ட மூடி திறந்தவுடனே தெரிஞ்சுடும். சாதாரண நிமோகாக்கஸ் பிளட் அகார்ல (ரத்தம் கலந்த, கிருமி வளர்க்குற ஜெல்லி) சின்னச் சின்னதா நடுவுல குழி விழுந்த பொட்டு மாதிரி, சுத்தி பச்சை வளையத்தோட வரும், 3ஆம் வகை தண்ணிச் சொட்டு விழுந்த மாதிரி பளபளன்னு கொழகொழன்னு ஒண்ணோட ஒண்ணு சேந்து ஓடும், லூப் கம்பியால தொட்டா சளி மாதிரி இழுக்கும். வகை பிரிச்சு ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே நாங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவோம். 1910கள்ல ராக்ஃபெல்லர் இன்ஸ்டிட்யூட்ல நிமோகாக்கஸ 1, 2, 3, மிச்சமெல்லாம் 4னு முதல் தடவையா வரிசைப்படுத்துனப்பவே 3 தான் மோசம்னு எழுதி வச்சுட்டாங்க, அதுக்குன்னு உருப்படியா வேலை செய்யுற சீரமும் அப்ப கிடைக்கல. நூறு வருஷம் கழிச்சும் லிஸ்ட்ல அதே எடத்துல உக்காந்திருக்கு. ஸ்பெயின்ல பாத்ததுல நிமோகாக்கஸ் நிமோனியாலேர்ந்து செப்டிக் ஷாக்குக்கு, அதாவது ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கு ஆபத்தாகுற நிலைக்கு, போறதுக்கும் இந்த 3க்கும் தொடர்பு தெரிஞ்சுது.

இதுல ரொம்ப உறுத்துற விஷயம், 3ஆம் வகை பெரும்பாலும் பெனிசிலினுக்கு கட்டுப்படும். மருந்துக்கு மசியாத வகைன்னு நாம பயப்படுறது 6பி, 9வி, 14, 19எஃப், 23எஃப், 19ஏ இதையெல்லாம் தான், குழந்தைங்க தொண்டைல சுத்திச் சுத்தி ஆன்டிபயாட்டிக் நெறய பாத்து பழகுன வகைங்க. 3ஆம் வகைக்கு ரிப்போர்ட்ல எல்லா மருந்துக்கும் கேக்கும்னு எழுதி அனுப்புவோம், மருந்தும் ஓடும், ஆனா சில சமயம் அந்த ரிப்போர்ட் வார்டுக்குப் போய் சேர்றப்ப வாங்குறதுக்கு பேஷண்ட் இருக்க மாட்டாரு. 1964லயே ஆஸ்திரியன், கோல்ட்னு ரெண்டு பேரு ரத்தத்துல நிமோகாக்கஸ் ஏறின நிமோனியா கேஸ்கள பாத்து எழுதுனது இது தான், நோய் ஆரம்பிச்சு முதல் 5 நாளுக்குள்ள இறக்குறவங்கள பெனிசிலின் காப்பாத்தல, அதத் தாண்டுனவங்களத் தான் காப்பாத்துது. அதனால மருந்த மட்டும் நம்பாம ஊசி வேணும்னு அந்த ராபர்ட் ஆஸ்திரியன் தலகீழா நின்னு போராடித்தான் 1977ல 14 வகை ஊசி வந்துச்சு, 1983ல அது 23 ஆச்சு. நம்ம கவுன்ட்டர்ல கிடந்த 23 டப்பா அந்த வம்சம் தான்.

அவசரத்துக்கு இன்னொண்ணும் சொல்லிக்கிறேன், ஆஸ்பத்திரில படுத்த பிறகு எந்த வகைன்னு தெரிஞ்சு பெருசா ஆகப்போறது எதுவும் இல்ல. குதிரைச் சீரம் போட்டு வைத்தியம் பண்ணுன காலத்துல வகை தெரியாம ஊசியே போட முடியாது, சளிய எடுத்து எலிக்குப் போட்டு ராத்திரியோட ராத்திரியா வகை பாத்தாங்க. சல்ஃபா மருந்தும் பெனிசிலினும் வந்ததும் அந்த வேலைய தூக்கிப் போட்டாச்சு. இப்ப சிறுநீர்ல பாக்குற கிட்டும் நிமோகாக்கஸ் இருக்கா இல்லையான்னு தான் சொல்லும், எது பொதுவான சர்க்கரையோ அதத்தான் புடிக்கும், வகைய சொல்லாது. வகை ரிப்போர்ட் பெரிய லேபுக்குப் போய் வாரக்கணக்குல கழிச்சு கணக்கெடுப்புக்குத் தான் வரும். ஆக வகைங்கிறத ஒரு சாதாரண ஆளு உபயோகப்படுத்திக்க முடியுற ஒரே எடம் ஊசி டப்பா தான், அங்கயும் நம்பர மட்டும் காட்டி அனுப்பிடுறாங்கன்னா கடுப்பாகாதா.

சரி மார்க். டென்மார்க் லிஸ்ட்ல உள்ள ஒம்போது கொலைகார வகைல எந்த டப்பால எத்தன இருக்குன்னு நானே பேப்பர பிரிச்சு வச்சு எண்ணுனேன். 13 வகை ஊசி, 2010ல வந்தது, அதுல 3உம் 19எஃப்உம் மட்டும், 2 மார்க். 15 வகை, 2021ல வந்த வாக்ஸ்நியூவன்ஸ், புதுசா சேத்தது 22எஃப், 33எஃப், ரெண்டும் இந்த லிஸ்ட்ல இல்ல, அதனால அதுக்கும் 2. அதே 2021ல வந்த ப்ரெவ்னார் 20ல 3, 10ஏ, 11ஏ, 15பி, 19எஃப், ஆக 5. பழைய 23ல அதே அஞ்சோட 17எஃப்உம் சேந்து 6. 2024ல வந்த 21 வகை கேப்வாக்ஸிவ்ல 3, 10ஏ, 11ஏ, 15பி, 16எஃப், 17எஃப், 31, ஆக 7. 35எஃப்ப ஒருத்தரும் சேத்துக்கல, பாவம்.

இதப் பாத்துட்டு 21 தான் ராஜான்னு முடிவு பண்ணிடாதீங்க, நானும் அப்படித்தான் அரை மணி நேரம் குதிச்சேன். ரெண்டாவது லிஸ்ட வச்சு எண்ணுனா, 3, 6ஏ, 6பி, 9என், 19எஃப், இதுல 13, 15, 20, 23 நாலும் 4 மார்க் வாங்குது, 21 மட்டும் 3 தான். ஏன்னா 21ல 6பியும் 19எஃப்உம் வேணும்னே எடுத்துட்டாங்க. குழந்தைங்களுக்கு 2000லேர்ந்து 7 வகை, அப்புறம் 10, 13னு ஊசி போட்டுப் போட்டு, போட்ட எடங்கள்ல அந்த வகைங்க குழந்தைங்க தொண்டைல கொறஞ்சு, அதனால பாட்டி தாத்தாக்கும் கொறஞ்சுடுச்சு, காலியான எடத்துல வேற வகை வந்து உக்காந்துக்கிச்சு, 7 வகை ஊசிக்கு அப்புறம் 19ஏ ஏறுனது, 13க்கு அப்புறம் இங்கிலாந்துல பெரியவங்ககிட்ட 8, 12எஃப், 9என் ஏறுனது எல்லாம் அப்படித்தான். அந்தப் புதுக் குடித்தனக்காரங்களப் பாத்துத் தச்சது தான் 21. 4ஆம் வகையும் அதுல கிடையாது, அமெரிக்காவுல மேற்குப் பக்கம் சில எடத்துல வீடில்லாம தெருவுல இருக்கவங்ககிட்ட 4 திரும்ப தலைதூக்குனதால அந்த மாதிரி எடங்களுக்கு 21 சரிப்படாதுன்னு அமெரிக்க சுகாதாரத் துறையே சொல்லிட்டாங்க. ஆக எது நல்ல டப்பாங்கிறது உங்களச் சுத்தி இருக்கவங்க தொண்டைல எது குடியிருக்குங்கிறதப் பொறுத்தது, குழந்தைங்களுக்கு ஊசி சரியா போய்ச் சேராத எடத்துல 21 எடுத்தா ரெண்டு பழைய கொலகாரன வெளிய விட்ட மாதிரி ஆகிடும்.

இப்ப நேர்மையா ஒண்ணு ஒத்துக்கணும், லிஸ்ட் கணக்குல பாத்தா கவுன்ட்டர்காரங்க சொன்ன 23 அவ்வளவு மோசமில்ல, 6உம் 4உம் வாங்கியிருக்கு. நான் ஏன் வேண்டாம்னேன்னா லிஸ்ட்ல பேர் இருக்கிறது வேற, உடம்பு அத ஞாபகம் வச்சுக்கிறது வேற. 23 ஊசில ஒவ்வொரு வகைக்கும் 25 மைக்ரோகிராம் வெறும் சர்க்கரை, உடம்பு அதப் பாத்து ஆன்டிபாடி தயாரிக்கும், ஆனா எதிர்ப்புச் சக்திக்கு ஞாபகத்த உண்டாக்க உதவுற டி செல்லு கண்டுக்காது, ஞாபகமும் தங்காது, வருஷம் ஆக ஆக எறங்கிடும், 2 வயசுக்குக் கீழ சுத்தமா எடுபடாது, தொண்டைல உள்ள கிருமியயும் பெருசா வெரட்டாது. மத்த நாலுலயும் சர்க்கரைய ஒரு புரதத்தோட ஒட்ட வச்சிருக்காங்க, சிஆர்எம்197னு தொண்டை அடைப்பான் நச்சோட விஷம் புடுங்குன வடிவம், அந்தப் புரதத்தப் பாத்து டி செல்லு எழுந்திரிச்சு வரும், வந்தா ஞாபகம் இருக்கும். அளவு பாத்தா 13லயும் 20லயும் ஒவ்வொண்ணுக்கும் 2.2 மைக்ரோகிராம் தான், 6பிக்கு மட்டும் 4.4. பத்துல ஒரு பங்கு சரக்கு, வேலை அதிகம். இது தான் நான் 20 பக்கம் சாஞ்சதுக்கு காரணம்.

ஒட்ட வச்ச ஊசி பெரியவங்களுக்கு நிஜமாவே வேலை செய்யுதான்னா, நெதர்லாந்துல 65 வயசுக்கு மேல 84,496 பேர வச்சு 13 வகை ஊசிய சோதிச்சாங்க. ஊசில உள்ள வகையால வர்ற நிமோனியா 45.6 சதவீதம் கொறஞ்சுது, ரத்தம் வரைக்கும் போற நோய் 75 சதவீதம் கொறஞ்சுது. நல்ல ரிசல்ட் தான். ஆனா எல்லா விதமான நிமோனியாவையும் சேத்துப் பாத்தா வித்தியாசம் இல்ல, மொத்த இறப்புலயும் இல்ல. இத விளம்பரத்துல யாரும் சொல்ல மாட்டாங்க. ஊசி தன் லிஸ்ட்ல உள்ளவன மட்டும் தான் புடிக்கும், லிஸ்ட்ல இல்லாதவன் வந்தா கதவத் திறந்து விட்டுடும், இதத் தெரிஞ்சு போட்டுக்கணும்.

அப்புறம் என் பெரிய குறை. எல்லா டப்பாலயும் 3 இருக்கு, மேல நானும் எல்லாத்துக்கும் ஒரு மார்க் போட்டுட்டேன், ஆனா அந்த மார்க்க நான் மனசார போடல. 3ஆம் வகை சட்டைய மத்த வகை மாதிரி உடம்போட தச்சுக்கிறதில்ல, சும்மா போத்திக்கிட்டிருக்கும், ஆன்டிபாடி வந்து புடிச்சா சட்டைய உருவி அதுகிட்டயே விட்டுட்டு ஓடிடும். நாம புடிச்சது துணி, ஆளு எஸ்கேப். 13 வகை ஊசி வந்தும் இங்கிலாந்துல 3ஆம் வகை கேஸ் ஓயல, கணக்குப் போட்டுப் பாத்தப்ப அதுக்கு எதிரா நம்பிக்கையா சொல்ற அளவுக்கு பாதுகாப்பு தெரியல. பொதுவா குழந்தைங்க ரத்தத்துல ஒரு மில்லிலிட்டருக்கு ஆன்டிபாடி 0.35 மைக்ரோகிராம் இருந்தா போதும்னு ஒரு எல்லைக்கோடு வச்சிருக்காங்க, ஆனா இங்கிலாந்துல 3க்கு மட்டும் தனியா கணக்குப் போட்டப்ப 2.83 வேணும்னு வந்துச்சு. எட்டு மடங்கு. அதிகமா கொல்ற வகைக்கு ஊசி கம்மியா வேலை செய்யுதுன்னா, அதுக்கும் மத்ததுக்கும் சமமா ஒரு எண்ணிக்கை போட்டு டப்பால அடிக்கிறது எனக்கு உறுத்துது. 20ல 20ன்னு எழுதாம பத்தொம்போதரைன்னு எழுதலாம்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லிடுறேன், யாராவது ரிப்போர்ட்ல 1ஆம் வகைன்னு பாத்துட்டு அது சாது, பயமில்லன்னு நெனச்சுடக்கூடாது. சட்டை ஒண்ணா இருந்தாலும் உள்ள இருக்கவன் வேற ஆளா இருப்பான். ஐரோப்பாவுல சுத்துற 1ஆம் வகைல எஸ்டி306னு ஒரு வம்சம், அதோட நிமோலைசின்ங்கிற நச்சு சிவப்பணுவ ஒடைக்கிற சக்திய இழந்த ரகம். மேற்கு ஆப்பிரிக்காவுல சுத்துறது எஸ்டி217 குடும்பம், அங்க வறண்ட காலத்துல கூட்டம் கூட்டமா மூளைக்காய்ச்சல கொண்டு வந்து நெறய பேர கொன்ன அதே 1. டென்மார்க்ல சாதுன்னு அளவுகோலா வச்ச வகை. ரெண்டு எடத்துலயும் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், நுரையீரலா மூளையாங்கிறதும் இதுல சேரும் தான். சட்டைய மாத்திக்கிறதும் நடக்கும், 7 வகை ஊசி வந்த பிறகு அமெரிக்காவுல 4ஆம் வகைச் சட்டை போட்டிருந்த ஒரு வம்சம் 19ஏ சட்டைய மாட்டிக்கிட்டு ஊசிகிட்டேர்ந்து தப்பிச்சது, கிரிஃபித்தோட எலிக்குள்ள நடந்தது ஊருக்குள்ள நடந்த மாதிரி.

ஊசி போட்ட அனுபவம் சுருக்கமா. அம்மாக்கு 20 தான் போட்டோம், 21 அங்க ஸ்டாக் இல்ல. நர்ஸ் நல்ல பொறுமை, சிரிஞ்ச நல்லா குலுக்கி வெள்ளையா கலங்குன பிறகு தான் போட்டாங்க, அலுமினியம் உப்பு அடில தங்கியிருக்கும், குலுக்காம போட்டா சரியா போகாது, இது தெரிஞ்ச ஆளுன்னு பாத்ததும் எனக்கு நிம்மதி. அம்மாக்கு ஒன்றரை நாள் கை தூக்க வலி, ராத்திரி லேசா உடம்பு கணகணன்னு இருந்துச்சு, மாத்திரை கூட கேக்கல, ரெண்டாம் நாள் சாயந்திரம் சரி. எந்த நிமோனியா ஊசிக்கும் இது சகஜம். 20, 21 ரெண்டுல எது போட்டாலும் ஒரு தடவையோட முடிஞ்சுது, 15 போட்டா மட்டும் பின்னாடி 23உம் போட்டுக்கச் சொல்றாங்க, ரெண்டு தடவ அலையணும். ஏற்கனவே 23 மட்டும் போட்டவங்க ஒரு வருஷம் கழிச்சு ஒட்ட வச்ச ஊசி போட்டுக்கலாம், அத டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க.

கிளினிக்குக்கு நான் அஞ்சுக்கு மூணு தான் குடுப்பேன். ஊசி போட்டு முடிச்சு கார்டு குடுத்தாங்க, பாத்தா தேதி, கையெழுத்து, நடுவுல "நிமோனியா ஊசி"ன்னு மட்டும். எந்த ஊசி? அஞ்சு வருஷம் கழிச்சு இன்னொரு டாக்டர் கேட்டா அம்மா என்ன சொல்லுவாங்க, அன்னைக்கு ஒரு வெள்ளை டப்பான்னா? திரும்ப உள்ள போய் 20ன்னு நம்பரையும் பேரையும் எழுதச் சொல்லி, குப்பைக் கூடைக்குப் போகவிருந்த சிரிஞ்ச் கவர்லேர்ந்து லாட் நம்பர் ஸ்டிக்கர உரிச்சு கார்டுல ஒட்டச் சொன்னேன். கவுன்ட்டர்காரங்க மொறச்சாங்க, ஆனா ஒட்டிக் குடுத்தாங்க. வெளிய வந்ததும் அம்மா கேட்டாங்க, "அப்ப அந்த மூணு கெடையாதா நமக்கு?"